பழங்காலக் கொள்ளைநோய்களும் சைவர் கைத்தொண்டும்

திருச்சிற்றம்பலம்

குற்றாலச் சாரல் வந்து தழுவும் வயல்களின் நடுவே, பாண்டியன் பெயரைத் தாங்கி விளங்கும் சுந்தரபாண்டியபுரத்தில் குடமுழுக்கு விழா நிகழும் இந்நன்னாளில், நோயைப் பற்றி எழுதுவது தகுமோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். தகும் என்பதே அடியேன் துணிபு. குடமுழுக்கின் பயனைக் கூறும் பெரியோர், நாட்டில் மழை பொய்யாது பெய்தலையும், விளைவு பெருகுதலையும், பிணி நீங்குதலையும் ஒன்றாகவே வைத்து எண்ணுவர். மழை, விளைவு, பிணியின்மை என்னும் இம்மூன்றும் ஒரு கொடியிற் பூத்த மலர்கள். எனவே பிணி நீக்கத்தை வேண்டும் நாம், பண்டைநாளில் ஊரோடு ஊர் அழிந்த பெருநோய்க் காலங்களில் மக்கள் என் செய்தனர், நம் சமயம் அவர்க்கு எந்நெறி காட்டியது என்பவற்றை ஆராய்தல் கடமையேயாம்.

ஒருவனைப் பற்றும் நோய் வேறு. ஊரைப் பற்றும் நோய் வேறு. திருநாவுக்கரசு சுவாமிகளை வருத்திய சூலையும், நின்றசீர் நெடுமாற நாயனாரைச் சுட்ட வெப்பும் ஒருவரைப் பற்றிய நோய்கள். இவற்றின் வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. ஒருவர் நோயாயின் சுற்றத்தார் சூழ்ந்து நிற்பர். ஊர் நோயாயின் சுற்றத்தாரும் அஞ்சி அகல்வர். அவ்வச்சமே நோயினும் கொடிதாய் முடிவதுண்டு. ஆகலின், கொள்ளைநோயின் வரலாறு மருந்தின் வரலாறு மட்டுமன்று. மக்கள் மனத்தின் வரலாறும் ஆகும்.

பிற நாடுகளில்

இந்நோய்கள் மிகப் பழையன. எகிப்து நாட்டில் கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஐந்தாம் இராமேசசு என்னும் மன்னனது பதப்படுத்திய உடல் இன்றும் உள்ளது. அதன் முகத்திற் காணும் கொப்புளங்கள் பெரியம்மையின் அடையாளமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

கிரேக்க நாட்டு ஏதென்சு மாநகரை கி.மு. 430-இல் ஒரு பெருநோய் பற்றியது. பகைவர் படைக்கு அஞ்சி நாட்டுப்புறத்தார் அனைவரும் கோட்டைக்குள் நெருங்கிக் குடிபுகுந்திருந்த காலம் அது. அந்நகர்த் தலைவரான பெரிக்கிளீசும் அடுத்த ஆண்டு அந்நோய்க்கே இரையாயினர் என்பர். துசிடிடீசு என்னும் வரலாற்றாசிரியர் தாமும் அந்நோயுற்றுப் பிழைத்தவர். கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தவர். அவர் கூறுவனவற்றுள் மூன்று செய்திகள் நம் சிந்தைக்கு உரியன. நோயாளரைப் பேணச் சென்றவரே மிகுதியாக மடிந்தனர் என்பது ஒன்று. ஒருமுறை நோயுற்றுப் பிழைத்தவரை அந்நோய் மீண்டும் கொல்லும் அளவிற்குப் பற்றவில்லை. ஆதலின் அவரே அச்சமின்றிப் பிறரைப் பேண வல்லவராயினர் என்பது மற்றொன்று. துறைமுகப் பகுதியில் நோய் முதலில் தோன்றியபோது, பகைவர் நீர்நிலைகளில் நஞ்சு இட்டனர் என்று மக்கள் பேசிக்கொண்டனர் என்பது மூன்றாவது. இம்மூன்றாம் செய்தியை அன்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்க. நோயின் காரணம் அறியாத நெஞ்சு, முதலில் தேடுவது மருந்தை அன்று. பழியேற்க ஓர் ஆளையே தேடுகின்றது.

உரோமப் பேரரசில் கி.பி. 165-இல் தொடங்கிய கொள்ளைநோயும், கி.பி. 541-இல் எகிப்தில் தோன்றிக் கான்சுடாண்டிநோபிள் நகரைப் பாழாக்கிய கொள்ளைநோயும் அவ்வாறே பேரழிவு செய்தன. பின்னையது எலியுண்ணியால் பரவும் பிளேக்கு என்பது, அக்காலத்தார் எலும்புகளிலும் பற்களிலும் எஞ்சிய கிருமியின் மரபணுவை ஆராய்ந்து இக்காலத்தார் உறுதி செய்த உண்மை. அந்நோய் 8-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை மேல்நாடுகளில் அலையலையாக மீண்டும் மீண்டும் வந்தது. நம் ஆளுடைய பிள்ளையார் தமிழ்நாட்டில் திருப்பதிகம் அருளிய 7-ஆம் நூற்றாண்டும் அக்கால எல்லைக்குள் அடங்குவதே.

ஈழநாட்டின் மகாவமிசமும் இத்தகைய செய்தியொன்றைக் கூறும். 3-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தை ஆண்ட சிறீசங்கபோதி என்னும் மன்னன் காலத்தில், மக்களின் கண்களைச் சிவக்கச் செய்து உயிர் கவரும் செங்கண் அரக்கன் ஒருவன் நாட்டிற் புகுந்தான் என அந்நூல் பேசுகின்றது. பரவிய பெருநோய் ஒன்றையே நூலாசிரியர் அரக்கன் என உருவகித்தார் போலும். அம்மன்னன் தன் குடிகளுள் ஒருவரையும் பலியாகக் கொடுக்க இசையாது, தன் உடலையே கொள்க என முன்வந்தான் என்பது கதை. இக்கதையைச் சிந்தையில் இருத்திக்கொண்டு நம் பாண்டிநாட்டிற்கு வருவோம்.

பாண்டிநாட்டுப் பழஞ்செய்தி

சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை, தமிழில் கொள்ளைநோயைக் கூறும் பழஞ்சான்றுகளுள் ஒன்று. மதுரை எரியுண்ட பின்னர்ப் பாண்டிநாட்டில் மழை வறந்தது, வறுமை வந்தது, வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன என்பது அதன் கருத்து. குரு என்பது உடலில் எழும் கொப்புளநோய். பிற்காலத்தார் அம்மை என்பது. இங்கே நூலாசிரியர் வைத்த முறை நோக்கத்தக்கது. முதலில் மழையின்மை, அடுத்து வறுமை, அதன் பின்னரே நோய். பசித்த உடலில் நோய் எளிதிற் குடிபுகும் என்பதும், பஞ்சத்தின் பின்னே கொள்ளைநோய் நிழல்போல் தொடரும் என்பதும் இக்கால மருத்துவர் கூறும் உண்மை. அதனையே அப்பழைய உரைநடை ஒரு தொடரிற் சுருக்கி வைத்துள்ளது.

ஆனால் அடுத்து வரும் செய்தி நெஞ்சை நடுங்கச் செய்வது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் என்னும் பாண்டியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழாச் செய்தான், மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்று அக்கட்டுரை கூறும். இது காப்பியச் செய்தி. உள்ளவாறு நிகழ்ந்ததோ, புலவர் மரபோ என்பது ஆராய்ச்சிக்கு உரியது. எவ்வாறாயினும், பொய்யுரைத்த பொற்கொல்லன் ஒருவன். பழி சுமந்தவர் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம் அவனோடு ஒரு தொழிலராய்ப் பிறந்தது ஒன்றே. கொற்கையோ நம் நாட்டிற்குப் புறம்பான ஊர் அன்று. குற்றாலத்து அருவியாய் இழியும் சிற்றாறு தென்காசி வழியே சென்று சீவலப்பேரிக்கு அருகில் தண்பொருநையிற் கலக்கின்றது. அத்தண்பொருநை கடல்புகும் வழியில் அமைந்த பழைய துறைமுகமே கொற்கை. நம் ஆற்றின் கடைவாயில் நிகழ்ந்ததாகக் கூறும் இச்செய்தியை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

ஏதென்சில் பகைவர்மேல் ஏற்றிய பழியும், கொற்கையில் ஒரு தொழிலார்மேல் ஏற்றிய பழியும் ஒரு வேரில் முளைத்தவை. கி.பி. 1348, 1349-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவைப் பிளேக்கு நோய் சூறையாடியபோது, யூதர் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்று பழி கூறி அவர்களைக் கூட்டங்கூட்டமாக எரித்ததும் அவ்வேரில் முளைத்ததே. காலம் மாறினும் இக்குணம் மாறவில்லை.

கொடிமாடச் செங்குன்றூரில்

இனி, நம் சமய வரலாற்றில் ஊரைப் பற்றிய நோய் ஒன்றினைப் பிள்ளையார் எதிர்கொண்ட திறத்தைக் காண்போம். 12-ஆம் நூற்றாண்டில் அருண்மொழித் தேவராகிய சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இவ்வரலாறு விரிவாக உள்ளது. பிள்ளையார் கொங்குநாட்டில் எழுந்தருளி, பவானி ஆறு காவிரியோடு கூடும் திருநணாவைப் பணிந்து, இந்நாளில் திருச்செங்கோடு என வழங்கும் கொடிமாடச் செங்குன்றூருக்கு மீண்டு வந்து தங்கியிருந்தனர். அப்பொழுது பனிக்காலம் வந்தது. அந்நாட்டிற்கு இயல்பான குளிர்சுரம் அடியார்களைப் பற்றத் தொடங்கியது. அவர்கள் பிள்ளையாரை வணங்கித் தம் துன்பத்தைக் கூறினர். இந்நிலத்திற்கு இஃது இயல்பே ஆயினும் நம்மை இஃது அணுகாது என்று அருளிப் பிள்ளையார் திருநீலகண்டத் திருப்பதிகத்தைப் பாடினர். அடியார்கள் நலம் பெற்றனர். அவர்கள் மட்டுமன்று, அன்று முதல் அந்நாடு முழுவதுமே அப்பிணி நீங்கப்பெற்றது என்பது சேக்கிழார் வாக்கின் கருத்து.

பருவந்தோறும் வந்து, குளிரால் நடுக்கி, பின் வெப்பத்தால் எரிக்கும் இச்சுரம், நம்மவர் முறைக்காய்ச்சல் என்றும், மேல்நாட்டார் மலேரியா என்றும் கூறும் நோயாதல் கூடும். கொங்குநாட்டை அடுத்த கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலும் மலைச்சுரத்திற்குப் பேர்பெற்றவை. நோய் நிலத்தைச் சார்ந்தது, பருவத்தைச் சார்ந்தது என்று அடியார்கள் உணர்ந்து கூறியதாகச் சேக்கிழார் அமைத்தது, நோய்நிலையை உற்று நோக்கிய மரபின் சான்றாகும்.

இவ்வரலாற்றில் நாம் கருதற்குரியது ஒன்று உண்டு. நோய் வந்தது எவன் செய்த பாவத்தால் என்று அங்கு ஒருவரும் வினவவில்லை. இந்நாட்டார் தீயர், இக்குலத்தார் தீயர், இவர்களை விலக்குக என்று ஒருவரும் கூறவில்லை. நோயுற்ற அடியாரைக் குறைவாக எண்ணியதும் இல்லை. கொற்கையிற் கூறும் செய்தியையும் செங்குன்றூரில் நிகழ்ந்த செய்தியையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்குச் சைவத்தின் அருமை புலனாகும்.

வினையும் கைவினையும்

வினையை நம்பும் சைவர் நாம். அவரவர் வினையை அவரவர் நுகர்தல் வேண்டும் என்பது நம் கொள்கை. அவ்வாறாயின் நோயைத் தடுக்க முயல்வது எற்றுக்கு என்று வினவுவார் உண்டு. இதற்கு விடை வேண்டின், அத்திருப்பதிகத்தின் முதற்பாட்டையே நோக்குக. அதன் கருத்தை மட்டும் இங்குக் கூறுவோம்: செய்த வினைக்கு வந்த பயன் இது என்று சொல்லத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருப்பது உமக்குக் குறையன்றோ? நாமோ அடிமைகள், கையாற் பணிசெய்து இறைவன் கழலைப் போற்றுவோம், அங்ஙனம் செய்வாரை அவ்வினை தீண்டாது. இங்கே வினை என்னும் சொல் இருவகையாக ஆளப்பெறுதல் காண்க. பழவினை ஒன்று, கையாற் செய்யும் கைவினை ஒன்று. பழவினையை எண்ணிச் சோம்பியிருத்தல் சைவம் அன்று. அதனைக் கைவினையால் எதிர்கொள்ளுதலே சைவம்.

அடியேன் மடத்திற் பாடங்கேட்ட நாளில், இப்பதிகத்திற்குப் பொருள் விரித்த ஆசிரியர் ஒருவர் முதற்பாட்டை முடித்தவுடன் நிறுத்திவிடுவார். "கைவினை என்று பொதுவாகக் கூறினாரே, எக்கைவினை?" என்று மாணாக்கரை வினவுவார். பூத்தொடுத்தல் என்பான் ஒருவன். திருவலகிடுதல் என்பான் ஒருவன். "இரண்டாம் பாட்டைப் படியுங்கள்; அவரே சொல்லியிருக்கின்றார்" என்பார். ஆம், இரண்டாம் பாட்டில் பிள்ளையார் இரு பணிகளைப் பெயர்சுட்டிக் கூறுகின்றனர். சோலை வளர்த்தல் ஒன்று. குளங்கள் பல தோண்டுதல் ஒன்று. அவற்றைக் கனிந்த மனத்தோடு செய்து, பின்னர்ப் பூக்கொய்து வழிபடுதல் வேண்டும் என்கின்றனர். பிணி தீர வேண்டிப் பாடிய பதிகத்தில் குளத்திற்கும் சோலைக்கும் என்ன இடம்?

இதற்கு விடை காண, இன்னும் முற்பட்ட ஒரு கல்வெட்டை நோக்குவோம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைக் கூறுகின்றது. அந்நலம் சென்றடைந்த நாடுகளுள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணி எனப்பெறும் ஈழமும் எண்ணப்பெற்றுள்ளன. பாண்டியர் பெயர் பொறித்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் இஃது ஒன்று. அதிலேயே மருத்துவம் பேசப்பெறுதல் நமக்குப் பெருமை. அக்கல்வெட்டு அதனோடு நிற்கவில்லை. மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததும், வழிகளில் கிணறு தோண்டுவித்ததும், மரம் வைப்பித்ததும் அதே கல்வெட்டில் ஒரே தொடர்ச்சியாகக் கூறப்பெறுகின்றன. மருந்து, நீர், மரம் என்னும் மூன்றும் உடல்நலத்தின் மூன்று கால்கள் என்பதைப் பௌத்த மன்னர் கல்லிலும், நம் பிள்ளையார் சொல்லிலும் பொறித்து வைத்தனர் என்க.

நீரே மருந்து, நீரே நோய்

இதன் உண்மையை இக்கால அறிவியல் மேலும் விளக்கியுள்ளது. 1884-ஆம் ஆண்டில் செர்மானிய மருத்துவ அறிஞர் இராபர்ட்டு காக்கு, கல்கத்தாவில் வாந்திபேதி பரவிய பகுதியில் மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். குளிப்பதும், துவைப்பதும், குடிக்க மொள்வதும் ஒரே நீரில் நிகழ்ந்தமையால் குளமே நோய்க்கு வாயிலாயிற்று. 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் இரொனால்டு இராசு என்னும் மருத்துவர், முறைக்காய்ச்சலின் கிருமி ஒருவகைக் கொசுவின் வயிற்றில் வளர்தலைக் கண்டறிந்தார். அக்கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். செங்குன்றூரில் அடியார்களை நடுக்கிய சுரத்தின் வாயிலும் அத்தகையதாதல் கூடும். ஆகவே தூர்வாரிக் கரைகட்டி மீன் வாழும்படி பேணிய குளம் உயிர் காக்கும். பாசி படர்ந்து, குப்பை கொட்டிக் கிடக்கும் குளம் உயிர் கவரும். குளந்தொடுதல் புண்ணியம் என்று நம் முன்னோர் கூறியதற்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?

நம் பகுதி இதனைத் தன் உடம்பாலேயே அறிந்தது. 2012-ஆம் ஆண்டில் கடையநல்லூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் டெங்குச் சுரம் பரவிப் பல வீடுகளைத் துயரில் ஆழ்த்தியது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டுத் தொட்டியிலும், மூடாத குடத்திலும், எறிந்த சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த நீரை நாடுவது. அதனால் பொதுக்குளத்தைப் பேணுதல் மட்டும் போதாது. அவரவர் வீட்டு நீரை மூடிவைத்தலும் இன்று கைத்தொண்டின் ஒரு பகுதியே ஆயிற்று.

கோயிலும் மடமும் செய்த மருத்துவம்

பிள்ளையார் காட்டிய நெறியைப் பின்வந்தோர் மறந்தாரல்லர். கோயிலும் மடமும் பாட்டோடு நில்லாது மருத்துவத்திற்கும் இடந்தந்தன. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் திருமால் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனது கல்வெட்டு, ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டினது. வீரசோழன் என்னும் பெயர்பெற்ற ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தமையை அது கூறும். மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் ஆகியோர்க்கு ஊதியம் வகுத்ததோடு, சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அக்கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன.

1121-ஆம் ஆண்டினதாகிய திருவாவடுதுறைக் கல்வெட்டு ஒன்று, அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் கற்கும் மாணாக்கர்க்கு உணவளித்த செய்தியைத் தருகின்றது. சிவநூல் கற்ற இடத்திலேயே மருத்துவ நூலும் கற்பிக்கப்பெற்றது. ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் உள்ள 1261-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ இன்னும் வியப்புத் தருவது. காகதீய வேந்தர்க்குக் குருவாய் விளங்கிய கோளகி மடத்துச் சைவாசாரியர் விசுவேசுவர சம்பு, தமக்கு வந்த ஊர்களின் வருவாயில் கோயிலுக்கும் மாணாக்கர்க்கும் வகுத்ததோடு, நோயாளர்க்கு மருத்துவச் சாலையும், தாய்மார்க்குப் பேறுகாலச் சாலையும் அமைத்தனர். சிவபூசைக்கு வந்த பொருளைப் பிள்ளைபெறும் ஏழைத் தாயின் கட்டிலுக்குச் செலவிட்டது சைவ மடம். கடல் கடந்த ஈழத்திலும் 4-ஆம் நூற்றாண்டில் புத்ததாச மன்னன் பத்து ஊருக்கு ஒரு மருத்துவரை அமர்த்தினான் என்று அந்நாட்டு வரலாறு கூறும். சமயம் வேறாயினும் அறம் ஒன்றே.

நம் சிவாலயங்கள் பலவற்றில் சுரதேவர் என்னும் மூர்த்தம் உண்டு. மூன்று தலையும் மூன்று காலும் உடைய இவ்வடிவத்தை, வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் குறியாகக் கொள்வாரும் உளர். காஞ்சியில் சுரகரேசுவரர்க்குத் தனிக்கோயிலே உள்ளது. சுரதேவர்க்கு மிளகுச் சாறு படைத்து, அதனை நோயாளர்க்கு அளிப்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். நம் திருக்குற்றாலத்திலும் அருவிச் சாரலில் நனையும் பெருமானுக்குச் சுக்கும் மிளகும் கடுக்காயும் சேர்ந்த கசாயம் நிவேதிக்கும் மரபு உண்டு. இறைவனுக்கு நோயில்லை, நமக்கு மருந்தின் மதிப்பைக் கற்பிக்கவே அவன் மருந்தும் உண்கின்றான் போலும்.

அம்மன் கோயில் வழக்கங்களும் அவ்வாறே. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுதல், அவ்வீட்டார் பிற வீடு செல்லாமை, பிறர் அங்குப் புகாமை, காப்புக் கட்டிய பின் ஊரெல்லை கடவாமை என்பன நோய் பரவாது தடுக்கப் பெரிதும் துணைசெய்திருத்தல் கூடும். ஆயினும் பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்தது தடுப்பூசி. 1796-இல் இங்கிலாந்தில் செனர் என்பார் கண்ட அம்முறை 1802-இல் இந்தியாவிற்கு வந்தது. 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் பெரியம்மை அற்றது. 1980-இல் உலகம் முழுவதும் அற்றதென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அன்னையின் சினம் எனக் கருதிய நோய் மறைந்தபின் அன்னை வழிபாடு குறையவில்லை. நோய்க்கு அஞ்சி வணங்கியவர் அன்பால் வணங்குகின்றனர். மருத்துவம் வளர்ந்தால் பக்தி தேயும் என்று அஞ்சுவார்க்கு இதுவே விடை.

அண்மையில் கண்ட சோதனை

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணற்க. 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பல மாதங்கள் அடியார்க்குக் கதவடைத்திருந்தன. உள்ளே பூசை நிகழ்ந்தது. வெளியே அன்பர் நெஞ்சு வெதும்பியது. அப்பொழுது, காக்கும் கடவுளே கதவடைத்துக் கொண்டாரே என்று சிலர் இகழ்ந்து வினவினர். கடவுள் கதவடைக்கவில்லை. ஒருவர் மூச்சு மற்றொருவர்க்கு நஞ்சாகாதிருக்க நாம் கதவடைத்தோம். அதுவும் ஒரு வழிபாடே என்பதற்குத் திருநீலகண்டமே சான்று.

திருநீலகண்டப் பதிகத்தின் பாட்டுகள், திருக்கடைக்காப்பு ஒழிய, இறைவனது நீலகண்டத்தின்மேல் ஆணையாக முடிவன. பிணி தீர்க்கும் பதிகத்திற்குப் பெருமானுடைய எண்ணற்ற கோலங்களுள் நஞ்சுண்ட கோலத்தை ஏன் பிள்ளையார் தேர்ந்தனர்? கடலில் எழுந்த நஞ்சினைப் பெருமான் வெளியே உமிழ்ந்திருப்பின் உலகம் அழிந்திருக்கும். அவர் அதனைத் தம் கண்டத்தில் நிறுத்தினார். பிறர்மேற் படாதவாறு தம்மிடத்தே தாங்கினார். தொற்றுநோயுற்ற ஒருவன், தன் நோய் பிறரைப் பற்றாதிருக்கும் பொருட்டுத் தனித்திருந்து தாங்குவானாயின், அவன் அந்நீலகண்டத்தின் நிழலில் நிற்பவனே ஆவான். அவனை இழிவாக நோக்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

ஆயினும் நாம் இழிவாக நோக்கினோம் என்பதை மறைத்தல் ஆகாது. 2020 ஏப்பிரல் திங்களில் சென்னையில், அந்நோயால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரது உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சிலர் கூடித் தாக்கினர். பல ஊர்களில் நோயாளரைப் பேணிய செவிலியர்க்கு வாடகை வீடு மறுக்கப்பெற்றது. கொற்கையில் ஆயிரவர் சுமந்த பழி, நம் கண்முன் வேறு உருவில் வந்து நின்றது. அதே காலத்தில், உறவினரும் அணுக அஞ்சிய உடல்களை இன்னார் இனியார் என்று பாராது எடுத்து அடக்கம் செய்த இளைஞர்களும், அடைபட்ட வீடுகளின் வாயிலில் நாள்தோறும் உணவு வைத்துச் சென்ற அன்பர்களும் இருந்தனர். கொற்கையும் செங்குன்றூரும் தொலைவில் இல்லை. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொருவர் நெஞ்சிலும் இரண்டும் உள்ளன. நோய் வரும் நாளில் எதன் வழி நடப்போம் என்பதே வினா.

குடமுழுக்கும் குளமும்

குடமுழுக்கு என்பது நீரால் நிகழும் விழா. புண்ணிய நதிகளின் நீரைக் குடத்தில் ஏற்று, மந்திரத்தால் உயிரூட்டி, விமானக் கலசத்தில் சொரிகின்றோம். சொரிந்த நீர் தெளிக்கப்பெறும்போது அது நம்மேற் படாதா என்று ஆயிரம் கைகள் உயர்கின்றன. உச்சியில் சொரியும் நீரைப் புனிதம் எனப் போற்றும் நாம், அடியில் நிற்கும் குளத்து நீரை மாசுபடுத்துவோமாயின் விழாவின் பொருளை உணர்ந்தவராகோம். கலசத்திற்குப் பொன் வழங்கிய கைகள் வாழ்க. அக்கைகளே கோயிற்குளத்தைத் தூர்வாரவும், நந்தவனத்தில் வேம்பும் வில்வமும் நடவும், மருத்துவமனையில் துணையின்றிக் கிடக்கும் ஏழை நோயாளர்க்கு ஒரு வேளைக் கஞ்சி வழங்கவும் முன்வருமாயின் பிள்ளையார் கூறிய கைவினை முற்றுப்பெறும்.

தென்காசிப் பெருங்கோயிலை 1446-ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர், தமக்குப் பின் அக்கோயிலைப் பேணுவாரை வணங்கிக் கல்வெட்டில் வேண்டுகோள் பொறித்தனர். எடுப்பவர் சிலர், பேணுபவர் பலர், பேணுதலே அரிது என்பதை அறிந்த மன்னர் அவர். கோயிலுக்கு உரைத்த அம்மொழி குளத்திற்கும் சோலைக்கும் பொருந்தும். இன்று புதுக்கிய கோயில் பல்லாண்டு நிலைபெறுதல்போல், அதனைச் சூழ்ந்த நீரும் நிழலும் நிலைபெறுதல் வேண்டும்.

மழை பொய்யாது பெய்க. சிற்றாறும் குளங்களும் தெளிந்த நீரால் நிரம்புக. நோய் இந்நாட்டை அணுகாதொழிக. ஒருகால் அணுகினும், நம் நாவில் பழிச்சொல் எழாது திருநீலகண்டம் எழுக. நம் கைகள் பிறரை விலக்க உயராது, பிறரைத் தாங்க நீள்க. இக்குடமுழுக்கைக் கண்டோரும், இதற்குப் பொருளும் உழைப்பும் தந்தோரும், இவ்வூரிற் பிறந்தோரும் புகுந்தோரும் பிணியின்றி நீடு வாழ எல்லாம்வல்ல பரம்பொருளின் திருவடிகளை இறைஞ்சுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்